துப்பாக்கி இருக்கிறது, சரி, தோட்டா வெடிக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒருவர், தோட்டத்து ஜாகாக்களுக்கு (காவலாளிகளுக்கு) துப்பாக்கி எதற்கு, ஒரு டார்ச் லைட்டும் கைப்பேசியும் போதாதா என்று கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல நான் வரவில்லை. துப்பாக்கி வேண்டும் என்பவர்களும் சரி, வேண்டாம் என்பவர்களும் சரி, விசையை அழுத்தினால் அது வெடிக்கும் என்று நம்பிக்கொண்டுதான் வாதாடுகிறார்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவன். 21 வருடம் ராணுவத்தில் ஆர்மரராக இருந்தேன். அதாவது சுடுகிறவன் இல்லை; சுடுகிறவன் கையில் இருப்பதைப் பழுதுபார்க்கிறவன். ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் ஒரு பாதுகாப்பு நிறுவனத்தில் சேர்ந்து, செம்பனைத் தோட்டமொன்றில் ஒன்பது வருடம் ஆயுதம் தாங்கிய ஜாகாவாக வேலை பார்த்தேன். இப்போது இரண்டு முழங்காலும் போய்விட்டன. காலையில் டவுனுக்கு வந்து ஒரு தே தாரிக், உங்கள் பத்திரிகை, அவ்வளவுதான் என் டியூட்டி.

ஜாகா வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் வேலையை விட்டுப் போனதும், அவருடைய பம்ப் கன்னும் (முன்கட்டையைப் பின்னால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) அதற்குரிய தோட்டாக்களும் என் கைக்கு வந்தன. 12 போர் (குழல் அகலத்தின் அளவு அது) துப்பாக்கி. தோட்டாக்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்து கிடந்தன. பெட்டி இல்லை. எந்த வருடம் வாங்கியது என்று கேட்டேன். "அதெல்லாம் ஒன்னும் ஆவாதுண்ணே" என்றார் ஒப்படைத்த மேற்பார்வையாளர். 21 வருடம் அடுத்தவன் துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்து, துடைத்து, குறை சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். ஆனால் என் தோளில் மாட்டியதை நான் கழற்றிப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். இதில் முதல் குற்றவாளி நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின மழைக்காலம். ராத்திரி இரண்டரை மணி இருக்கும். குலைத் திருட்டு அதிகம் என்று சொல்லி, ஆற்றோரப் பகுதியில் என்னைப் போட்டிருந்தார்கள். வாய்க்கால் பக்கம் சரசரவென்று சத்தம். திருடனாக இருக்கும் என்று டார்ச்சை அடித்தால், காட்டுப்பன்றி. ஒற்றைப் பன்றி, ஆண். பின்னங்காலில் கம்பிக் கண்ணி ஒன்று அறுத்துக்கொண்டு தொங்கியது. அடிபட்ட பன்றி எப்படி வரும் என்பது தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும். அது யோசிக்காது. தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக வந்தது.

துப்பாக்கியைத் தூக்கி விசையை அழுத்தினேன். "டிக்."

அவ்வளவுதான் சத்தம். பம்ப்பை இழுத்துத் தள்ளினேன். வெடிக்காத தோட்டா வெளியே விழுந்தது. அடுத்தது பாதி ஏறி, மூக்கு மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அந்த நேரத்தில் என் கையில் இருந்தது மூன்றரை கிலோ இரும்பும் கட்டையும். செம்பனை மரத்துக்குப் பின்னால் பாய்ந்தேன், வாய்க்காலில் விழுந்தேன், மட்டை முள் உள்ளங்கையைக் கிழித்தது. பன்றி என்னைத் தாண்டி அது பாட்டுக்குப் போய்விட்டது. என் பாட்டன் பூட்டன் செய்த புண்ணியம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். இருக்கலாம்.

கீழே விழுந்த தோட்டாவை உடனே எடுக்கவில்லை. தீபாவளிக்கு நமத்துப்போன பட்டாசைக் கொளுத்திவிட்டு, வெடிக்கவில்லையே என்று குனிந்து பார்த்து முகத்தைச் சுட்டுக்கொண்ட பிள்ளைகளை எல்லாருக்கும் தெரியும். தோட்டாவும் அப்படித்தான். சில நேரம் தாமதித்து வெடிக்கும். சுடும் திடலில் "டிக்" என்று கேட்டால், குழலை ஆபத்தில்லாத பக்கம் பிடித்தபடி குறைந்தது 30 விநாடி அசையாமல் இருக்க வேண்டும், பிறகுதான் திறக்க வேண்டும் என்பது பாடம். பன்றிக்கு முன்னால் 30 விநாடி எண்ண முடியாது என்பதால் பம்ப்பை இழுத்தேன்; ஆனால் தரையில் கிடந்ததை விடிகிற வரைக்கும் தொடவில்லை.

காலையில் மேசைமேல் பழைய பத்திரிகையை விரித்து (உங்களுடையதுதான், மன்னிக்கவும்) இரண்டு தோட்டாவையும் வைத்துப் பார்த்தேன். வெடிக்காததன் அடியில், பித்தளை முழுக்கப் பச்சை பூத்திருந்தது, கோயில் குத்துவிளக்கு தேய்க்காமல் கிடந்த மாதிரி. நடுவில் இருக்கும் கேப்பில் (அடி பட்டதும் பொறி கிளப்பி மருந்தைக் கொளுத்தும் சின்ன மூடி) துப்பாக்கியின் பின், அதாவது அடிக்கும் ஊசி, அடித்த தடம் இருந்தது. ஆனால் எப்படிப்பட்ட தடம்? நல்ல அடி என்றால் ஒரு மிளகு உட்கார்கிற அளவு குழி விழும். இதில் கடுகு உட்கார்ந்தாலும் உருண்டுவிடும். பிறகு துப்பாக்கியின் பூட்டை, அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் பாகத்தை, கழற்றிப் பார்த்தேன். பின் ஓடுகிற துளை நிறைய பழைய எண்ணெய், கரியோடு சேர்ந்து, ஆறிப்போன பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. யாரோ வாராவாரம் மேலே எண்ணெய் மட்டும் தெளித்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார், உள்ளே துடைத்ததே இல்லை. பின் முழு வேகத்தில் போய் அடிக்க முடியாது. அதே எண்ணெய் வழிந்து, கேப்பின் ஓரமாகக் கசிந்து உள்ளே போனால், அங்கே இருக்கும் மருந்தும் செத்துவிடும். இரண்டில் எது காரணம் என்று கேட்டால், இரண்டும் சேர்ந்துதான் என்பேன்.

மாட்டிக்கொண்ட தோட்டாவின் கதை வேறு. தோட்டாவின் வாய் மோதகத்தின் மடிப்பைப் போல ஆறாக மடித்து உள்ளே அமுக்கியிருக்கும். அதில் அந்த மடிப்பு பிரிந்து உப்பியிருந்தது. நடு உடம்பு பீப்பாய் மாதிரி பருத்திருந்தது. குழலுக்கு அடியில் தோட்டாக்களை வரிசையாக வைக்கும் மேகசின் குழாய்க்குள் ஸ்பிரிங் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே இருக்க, வருடக்கணக்கில் அதே வரிசையில் கிடந்தால், பிளாஸ்டிக் கூடு அமுங்கித்தான் போகும். போதாததற்கு, ஷிப்ட் மாறும்போதெல்லாம் தோட்டாவை இறக்கி, எண்ணி, கையெழுத்துப் போட்டு, திரும்ப ஏற்றுகிறோம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்றால் வருடத்துக்கு 700 தடவைக்கு மேல். ஐந்தே தோட்டா, அதே ஐந்து. ஒரு ரிங்கிட் நோட்டு அத்தனை கை மாறினாலே நைந்துவிடும்.

(நகைக்கடையிலும் பண வண்டியிலும் கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஜாகாக்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பக் குழலின் பின்முனையில் இருக்கும் அறையில் ஏற்றி இறக்கினால், முனையில் இருக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அமுங்கும். அப்புறம் சுடும்போது உள்ளழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். குட்டையாக இருந்தால் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.)

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். என்னைத் தூங்கவிடாமல் செய்த விஷயம் வேறு. அந்தத் துப்பாக்கி நான்கு மாதத்துக்கு முன்னால்தான் வருடாந்தரச் சுடும் பயிற்சியில் "நல்ல நிலை" என்று தேறியிருந்தது. பதிவேட்டில் இருக்கிறது. பொய்யும் இல்லை. அடுத்த வருடம் அதே பயிற்சிக்கு நானே போனபோதுதான் புரிந்தது. திடலில் கொடுத்தது புதுப் பெட்டியிலிருந்து எடுத்த, பறவைக்குச் சுடுகிற பொடி ரவைத் தோட்டா. விலை குறைவு, தோளில் உதையும் குறைவு. ஒவ்வொன்றாகக் கையால் அறையில் போட்டுச் சுடச் சொன்னார்கள். மேகசின் குழாய்க்கு வேலையே இல்லை. ஆளுக்கொரு துப்பாக்கியும் இல்லை. இரண்டு துப்பாக்கியை வைத்துக்கொண்டு வரிசையாக எல்லாரும் சுட்டோம். என் துப்பாக்கி அந்த இரண்டில் ஒன்றாக இருந்ததால் "நல்ல நிலை". இராத்திரி காவலில் என்னிடம் இருப்பதோ பெரிய ரவை எஸ்ஜி தோட்டா, பழசு, குழாயிலிருந்து ஏறி வர வேண்டியது. நாங்கள் சோதித்தது ஒன்று, நம்பியிருந்தது வேறொன்று.

இது ஏதோ எங்கள் ஊர்ச் சிக்கனத்தால் வந்த கோளாறு என்று நினைக்க வேண்டாம். நான் ராணுவத்தில் வருடக்கணக்கில் கழற்றி மாட்டிய எம் 16 துப்பாக்கியின் வரலாறே இதுதான். அமெரிக்கர்கள் அதை உருவாக்கிச் சோதித்தபோது தோட்டாவுக்குள் ஒரு வகை மருந்து இருந்தது. 1964-இல் வேறு வகை மருந்துக்கு மாற்றினார்கள். புது மருந்தில் துப்பாக்கி அளவுக்கு மீறி வேகமாகச் சுட்டது, உள்ளே கசடும் அதிகமாகப் படிந்தது. அதோடு, இந்தத் துப்பாக்கிக்குச் சுத்தம் செய்கிற வேலையே அதிகம் இல்லை என்ற பேச்சு வேறு பரவியிருந்தது. துடைக்கும் சாமான்கூடப் போதுமான அளவு போகவில்லை. தோட்டா உட்காரும் அறையில் குரோம் பூச்சும் அப்போது இல்லை. வியட்நாமின் ஈரத்தில் என்ன ஆயிற்று என்றால், சுட்ட கூடு அறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. சிப்பாய்கள் குழலுக்குள் கம்பியை விட்டுக் குத்தி எடுக்க வேண்டி வந்தது. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று உட்கார்ந்து விசாரித்து, மருந்தை மாற்றியதையும் குற்றங்களில் ஒன்றாக எழுதி வைத்தது. பிறகு அறைக்குக் குரோம் பூசினார்கள், துடைக்கும் சாமான் கொடுத்தார்கள். எங்கள் கைக்கு வந்தபோது அது நல்ல துப்பாக்கி. ஆனால் அதற்குள் எத்தனை பேர் வீட்டுக்குத் தந்தி போயிருக்கும்!

அத்தனை பெரிய நாட்டுக்கே அந்தக் கதி. ஆறு ஜாகா வைத்திருக்கும் தோட்டத்துக்கு என்ன?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு பழைய பாடமும் உண்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலும் வெள்ளைக்காரத் துரைமார் மூன்று பேர் சுடப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் அறிவித்த அவசரகாலம் 1960 வரைக்கும் நீடித்தது. அந்த நாளில் தோட்டத்துக் காவலுக்கு ஆட்களைச் சேர்த்தார்கள். என் அப்பாவும் கொஞ்ச காலம் ஊர்க்காவல் படையில் இருந்தார். அவர் கையில் கொடுத்தது ஒற்றைக் குழல் துப்பாக்கியும் காகிதக் கூட்டுத் தோட்டாவும். பிளாஸ்டிக் கூடு வந்தது 1960 வாக்கில்தான். அதுவரை கூடு என்பது மெழுகு பூசிய அட்டை. இந்த நாட்டுக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? அட்டை ஈரத்தைக் குடித்து உப்பிவிடும். உப்பிய தோட்டா அறைக்குள் போகாது. பாதி போனால் வெளியே வராது.

அப்பா படிக்காதவர். ஆனால் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தோட்டாக்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அடியில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து வைப்பார். உப்புச் சாடியில் அரிசி போடுகிற அதே கணக்கு. சாயங்காலம் காவலுக்குப் போகுமுன், துப்பாக்கியைத் திறந்து, குழலை வானத்தைப் பார்க்கப் பிடித்து, ஒவ்வொரு தோட்டாவையும் அறைக்குள் மெதுவாகப் போட்டுப் பார்ப்பார். "டொப்" என்று தானாக விழுந்து, கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். விரலால் அழுத்த வேண்டியிருந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார். சின்னப் பிள்ளையில் இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வாய்க்காலில் கிடந்தபோது முதலில் ஞாபகம் வந்தது அந்த டின்தான். தேங்காய் வாங்கினால்கூடத் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை நாம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கடையில் 555 நோட்டு ஒன்று வாங்கினேன். மளிகைக் கடன் எழுதுவோமே, அதே சின்ன நோட்டு. அதில் என் துப்பாக்கியின் எண், தோட்டாவின் ரகம், பெட்டியில் அச்சடித்திருக்கும் லாட் எண் (ஒரே தடவையில் தயாரித்த சரக்கின் எண்), கைக்கு வந்த தேதி, சுட்ட எண்ணிக்கை, கோளாறு. கோளாறு என்றால் என்ன கோளாறு என்று எழுத வேண்டும். "ஜாம்" என்று ஒரு வார்த்தை எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. டிக் என்றதா, ஏறவில்லையா, சுட்ட கூடு வெளியே வரவில்லையா? டிக் என்றால் பின்னையும் கேப்பையும் பார். ஏறவில்லை என்றால் மேகசின் ஸ்பிரிங்கைப் பார், கூட்டின் வடிவத்தைப் பார். கூடு வரவில்லை என்றால் கொக்கியைப் பார், அறையில் துரு இருக்கிறதா பார். சில நேரம் துப்பாக்கியில் குற்றமே இருக்காது. சுடுகிறவர் பயத்தில் பம்ப்பை முழுக்கப் பின்னால் இழுக்காமல் முக்கால்வாசியில் திருப்பித் தள்ளியிருப்பார். அதையும் வெட்கப்படாமல் எழுத வேண்டும். என் நோட்டில் அப்படி இரண்டு இருக்கிறது, இரண்டும் நான் செய்தது.

இதில் ஒன்றுக்கு மட்டும் நோட்டும் பேனாவும் போதாது. சுடும்போது "டமார்" என்பதற்குப் பதிலாக "புஸ்" என்று சத்தம் வந்து, தோளில் உதையும் இல்லை என்றால், அடுத்ததைச் சுடவே கூடாது. மருந்து பாதி எரிந்து, மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் இருக்கும் தக்கை குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வாழைப்பழத் தோல் மாதிரி உரியும், பிடித்திருந்த கையோடு. நிறுத்தி, எல்லாவற்றையும் இறக்கி, பூட்டைத் திறந்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா பார்த்த பிறகுதான் மற்றது.

என் மச்சான் ஒருவர் முன்பு லைசென்சோடு துப்பாக்கி வைத்திருந்தார், தோட்டத்துக்குப் பன்றி வராமல் இருக்க. அவருடைய சட்டைப் பையில் ஒருநாள் சிவப்புத் தோட்டாக்களுக்கு நடுவில் மஞ்சள் தோட்டா ஒன்று கிடந்தது. நண்பர் ஒருவருடையதாம், 20 போர். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. 20 போர் தோட்டா 12 போர் துப்பாக்கியின் அறையில் நிற்காமல் வழுக்கி முன்னே போய்க் குழலில் செருகிக்கொள்ளும். அறை காலியாக இருக்கிறதே என்று பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், "புஸ்" கதையைவிட மோசம். 20 போருக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இந்த ஆபத்துக்காகத்தான். அதே மாதிரி, குழலில் 70 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால் 76 மில்லிமீட்டர் தோட்டாவைப் போடக் கூடாது. போட்டால் உள்ளே போய்விடும், அதுதான் விஷயமே. தோட்டாவின் நீளத்தைச் சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில்தான் அளக்கிறார்கள். மடிந்திருக்கும்போது இடம் இருக்கிற மாதிரி தெரியும். விரியும்போது இடம் இருக்காது, அழுத்தம் ஏறும். உள்ளே போகிறது என்பதால் மட்டும் பொருந்துகிறது என்று அர்த்தமில்லை. மச்சான் பிறகு துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். நல்ல முடிவு.

சரி, எத்தனை தோட்டா சுட்டுப் பார்த்தால் நம்பலாம்? நான் 25 என்று வைத்திருந்தேன். பொடி ரவை ஒரு பெட்டிக்கு 25 வரும், அந்தக் கணக்கு மனதில் ஒட்டிக்கொண்டது. என் மகள் இடைநிலைப்பள்ளியில் கணித ஆசிரியை. ஒரு ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது சிரித்தாள். "25 சுட்டீங்க, ஒன்னும் பழுதில்ல. அதனால எதுவும் பழுதாகாதுன்னு ஆயிடுமாப்பா?" என்று கேட்டுவிட்டு, உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். நூற்றுக்கு 11 பழுதாகிற மோசமான சரக்காக இருந்தாலும், ஏறக்குறைய 20 தடவையில் ஒரு தடவை 25-உம் ஒழுங்காக வெடித்து என்னை ஏமாற்றிவிடுமாம். நூற்றுக்கு ஒன்றுக்குமேல் பழுதாகாது என்று அதே அளவு உறுதியோடு சொல்ல வேண்டுமென்றால் 300 சுட வேண்டுமாம், ஒன்றுகூடத் தவறாமல். எனக்குச் சோறு இறங்கவில்லை. 300 எஸ்ஜி தோட்டா வாங்கும் பணத்தில் ஒரு ஜாகாவுக்கு எத்தனை மாதச் சம்பளம் போகும் என்று யோசித்தேன்.

பிறகு நிதானமாக யோசித்தபோது தோன்றியதைத்தான் இங்கே நிறுவனங்களுக்குச் சொல்ல வருகிறேன். துப்பாக்கியும் தோட்டாவும் பொருந்தவில்லை என்றால் அது முதல் பத்திலேயே பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். பத்தோ 25-ஓ அதற்குப் போதும். ஆனால் அதை ஒவ்வொரு துப்பாக்கியிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அந்த லாட் தோட்டா மொத்தத்தில் நல்லதா என்பது வேறு கேள்வி, அதற்குத்தான் 300. ஒரு நிறுவனத்தில் 30 ஜாகா இருந்து, ஒரே லாட்டில் வாங்கியதை ஆளுக்குப் பத்து சுட்டால் 300 தானாக வந்துவிடுகிறது. யாரும் தனியாகச் சுட வேண்டியதில்லை. எண்ணிக்கையை ஒரே நோட்டில் எழுதினால் போதும்.

பணம்? இப்போது வருடப் பயிற்சிக்கு மலிவுத் தோட்டா தனியாக வாங்குகிறீர்கள். அதை நிறுத்துங்கள். காவலில் ஒரு வருடம் ஜாகாவின் துப்பாக்கியில் கிடந்த அதே தோட்டாக்களைப் பயிற்சியில் சுடச் சொல்லுங்கள், அவரவர் துப்பாக்கியில், மேகசின் குழாயை நிரப்பி. பச்சை பூத்தது, உப்பியது, வாய் பிரிந்தது என்று கண்ணாலேயே தெரிகிறவற்றைச் சுட வேண்டாம். தனியாக ஒதுக்கி போலீசில் ஒப்படைத்துவிடலாம். மிச்சத்தைச் சுட்டால், நேற்று வரைக்கும் உங்கள் ஆள் எதை நம்பி நின்றான் என்பது தெரிந்துவிடும். பிறகு புதுசாக வாங்கிய லாட்டிலிருந்து ஆளுக்குப் பத்து சுட்டுப் பார்த்துவிட்டு, மிச்சத்தைக் காவலுக்குக் கொடுங்கள். பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள், லாட் எண் அதில்தான் இருக்கிறது. செலவு கூடும், இல்லை என்று சொல்லவில்லை. எஸ்ஜி விலை அதிகம். 

சட்டம் என்று சிலர் கையை விரிப்பார்கள். நம் மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கறாரானது, கறாராகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. லைசென்சில் இருப்பதற்கு மேல் ஒன்றுகூட வைத்திருக்க முடியாது. சோதிக்கிறேன் என்று யாரும் தோட்டத்துக்குள் போய்ச் சுட்டுப் பார்க்க முடியாது, கூடவும் கூடாது. ஆனால் அனுமதி பெற்ற திடலில், பயிற்சியாளர் முன்னால், ஏற்கெனவே வருடா வருடம் சுடத்தானே செய்கிறோம்? அதே திடல், அதே நாள், அதே கையெழுத்து. கையில் இருக்கும் தோட்டா மட்டும் வேறு. கணக்கில் ஒன்று குறையும் என்ற பயத்தில் பத்து வருடத் தோட்டாவைப் பத்திரமாகப் பாதுகாக்கிறோமே, அது துருப்பிடித்த பூட்டுக்குச் சாவியைப் பத்திரப்படுத்துகிற மாதிரி.

என் நிறுவனத்தில் இதை எழுதிக் கொடுத்தேன். ஸ்பிரிங்கை மாற்றினார்கள், என் துப்பாக்கிக்கு மட்டும். புதுத் தோட்டா ஐந்து கொடுத்தார்கள், எனக்கு மட்டும். மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டதற்கு, அவர்கள் புகார் செய்யவில்லையே என்றார்கள். புகார் செய்ய அவர்களுக்கு ஒரு பன்றி வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பன்றி வந்த ராத்திரியைத் தவிர, ஒன்பது வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் காவலில் சுட வேண்டி வரவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியே வேண்டாம் என்று எழுதிய வாசகருக்கு அது உதவும். எனக்கு மனத்தாங்கல் இல்லை.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜாகாப் பையன் ஒருவன், டீக்கடையில் என்னைப் பார்த்ததும் வந்து உட்கார்ந்தான். இருபத்தாறு வயது இருக்கும். மனைவிக்கு ஏழு மாதம். "அங்கிள், அஞ்சு தோட்டால ரெண்டு உள்ள போக மாட்டேங்குது, கட்டைவிரல்ல அழுத்தினாதான் போகுது, பரவால்லயா?" என்று கேட்டான். 555 நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்து, அதைத் தேதியோடு அப்படியே எழுதி, மேற்பார்வையாளரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கச் சொன்னேன். நேற்று மறுபடி வந்தான். நோட்டில் அவன் எழுதியது இருக்கிறது. கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருக்கிறது. இன்று இரவும் அவன் அதே ஐந்தை எடுத்துக்கொண்டுதான் போவான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆர்மரர், முன்னாள் ஜாகா,
சுங்கை சிப்புட், பேராக்.